எது மாறாமல் நிற்கிறது? – மின்சாரக் கணக்கு கேள்வி பதில்

வீட்டு ஒயரிங் பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த கேள்விகளில் நிறைய கணக்குக் கேள்விகள். வோல்டேஜ் தெரிகிறது, ஆம்பியர் தெரிகிறது, ஓம் எவ்வளவு, வாட்ஸ் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கணக்கு என்று பார்த்தால் இரண்டு வரிதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், அதாவது மின்தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட்ஸ், அதாவது திறன். இதுவரை யாருக்கும் சிக்கல் இல்லை. நாலில் ஒன்று மாறும்போது மற்ற மூன்றில் எது கூடவே மாறும், எது அப்படியே நிற்கும் என்ற இடத்தில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். மின்னோட்டவியல் பாடத்தில் திறனுக்கு மூன்று சூத்திரம் இருக்கிறது. ஒன்றில் மின்தடை மேலே பெருக்கலில் வருகிறது, அப்படியானால் தடை கூடினால் திறன் கூட வேண்டும். இன்னொன்றில் தடை கீழே வகுத்தலில் வருகிறது, அதாவது தடை கூடினால் திறன் குறைய வேண்டும். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும்? சாரிடம் கேட்டால் "இரண்டும் ஒன்றுதான், ஒன்றிலிருந்து இன்னொன்று வரும்" என்கிறார். – மாணவர், மணப்பாறை

பதில்: தம்பி, சார் சொன்னது சரிதான், உன் சந்தேகமும் நல்ல சந்தேகம். "தடை கூடினால்" என்று சொல்லும்போது வோல்டேஜ் அப்படியே இருக்கிறதா, கரண்ட் அப்படியே இருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாத வரை கேள்வி பாதிதான் கேட்கப்பட்டிருக்கிறது.

ஒரு 100 வாட்ஸ் குண்டு பல்பும் ஒரு 40 வாட்ஸ் குண்டு பல்பும் எடுத்துக்கொள். வீட்டில் எல்லாமே பேரலலாக, அதாவது தனித்தனிக் கிளையாகத்தான் இருக்கும், ஆக இரண்டுக்கும் 230 வோல்ட். 100ஐ 230ஆல் வகுத்தால் 0.435 ஆம்பியர், 230ஐ அதனால் வகுத்தால் 529 ஓம். 40 வாட்ஸ் பல்புக்கு இதே கணக்கு 0.174 ஆம்பியர், ஏறக்குறைய 1322 ஓம் என்று வரும். தடை அதிகமாக இருக்கிற பல்புதான் மங்கலாக எரிகிறது. இங்கே அசையாமல் நிற்பது வோல்டேஜ், அதனால் வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கித் தடையால் வகுக்கிற சூத்திரம்தான் நேராகப் பேசுகிறது.

இப்போது அதே இரண்டு பல்பையும் ஒன்றன்பின் ஒன்றாக, சீரிஸில் போடு. மொத்தத் தடை 529 + 1322 = 1851 ஓம். கரண்ட் 0.124 ஆம்பியர், இரண்டுக்கும் ஒரே கரண்ட், வேறு வழியே கிடையாது. இப்போது ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதை ஓமால் பெருக்கினால் 100 வாட்ஸ் பல்புக்குக் கிடைப்பது 8 வாட்ஸ், 40 வாட்ஸ் பல்புக்கு 20 வாட்ஸ். சின்ன பல்பு எரியும், பெரிய பல்பு செக்கச்செவேல் என்று ஒரு நூல் தெரிகிற மாதிரி கிடக்கும். உண்மையில் வித்தியாசம் இதைவிட அதிகமாகவே தெரியும், ஏனென்றால் சூடு குறைந்த இழையின் தடையும் குறைந்துவிடும், அதைக் கீழே இன்னொரு கேள்வியில் சொல்கிறேன்.

உங்கள் ஊரில் மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் கடை இருந்தால் போய்ப் பார். சுவரில் ஒரு பலகை, அதில் ஒரு குண்டு பல்பு, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட். சீரிஸ் லாம்ப் என்பார்கள். ரிப்பேருக்கு வந்த சாமானை நேராக மெயினில் செருகாமல் முதலில் இதில் செருகுவார்கள். பல்பு எரியவே இல்லை என்றால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. முழுப் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். "இருக்கலாம்" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸின் தடை 53 ஓம்தான், பல்பின் 529 ஓமுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை, எனவே நல்ல அயர்ன் பாக்ஸைச் செருகினாலும் 230 வோல்ட்டில் 209 வோல்ட் பல்பின் மேலேயே விழும், பல்பு ஏறக்குறைய முக்கால்வாசிப் பிரகாசமாகவே எரியும். அனுபவப்பட்ட மெக்கானிக் அந்தக் கொஞ்சூண்டு மங்கலைப் பார்த்தே காயில் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

இதை நீ வீட்டு மெயினில் செய்து பார்க்க வேண்டாம். இரண்டு வேறு வேறு டார்ச் பல்பு, நாலு பேட்டரி செல் போதும், அதே விஷயம் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் வீட்டு மின்சாரக் கேத்தலின் அடியில் "220–240 வோல்ட், 1850–2200 வாட்ஸ்" என்று எழுதியிருக்கிறது. ஒரு கேத்தலுக்கு இரண்டு வலு எப்படி இருக்க முடியும்? தடையை எதை வைத்துக் கணிப்பது? – வாசகி, வவுனியா

பதில்: நீங்கள் வலு என்பதைத் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் திறன் என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். உங்கள் கேத்தலின் அடியில் இருக்கிற அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்த வரி. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்ஸால் வகுத்தால் ஓம் வரும், இரண்டு முனையிலும் தடையைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

220ஐ 220ஆல் பெருக்கினால் 48,400. அதை 1850ஆல் வகுத்தால் 26.16 ஓம்.

240ஐ 240ஆல் பெருக்கினால் 57,600. அதை 2200ஆல் வகுத்தால் 26.18 ஓம்.

பார்த்தீர்களா, இரண்டு வலு இருந்தாலும் தடை ஒன்றுதான். கேத்தலுக்குச் சொந்தமானது அந்த 26 ஓம். வாட்ஸ் என்பது அந்தத் தடையும் உங்கள் வீட்டுக்கு வருகிற வோல்டேஜும் சேர்ந்து உண்டாக்குவது. சரியாக 230 வோல்ட் வந்தால் 2020 வாட்ஸ், 8.8 ஆம்பியர். உள்ளே இருக்கும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டினால் சில சதவீதம்தான் மாறும், அதனால் ஹீட்டர் வகைச் சாமான்களுக்கு இந்தக் கணக்கை நம்பிப் போடலாம். உங்கள் பிளக்கினுள் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் இந்தக் கேத்தலுக்குத் தாராளம். ஆனால் ஒரே மல்டி பிளக்கில் கேத்தலையும் அயர்ன் பாக்ஸையும் ஒன்றாகச் செருகாதீர்கள், 8.8உடன் 4.3 சேர்ந்தால் 13ஐத் தாண்டிவிடும்.

கேள்வி: ஒட்டன்சத்திரம் பக்கம் தோட்டத்து வீடு, கடைசிக் கம்பத்தில் இருந்து எங்களுக்கு லைன். சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிடுகிறது. கெய்சரில் தண்ணீர் சுட ரொம்ப நேரமாகிறது. வோல்டேஜ் குறைந்தால் கரண்ட் அதிகமாக இழுக்கும், அதனால் பில் கூடும் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். போன வருஷம் போர் மோட்டார் வேறு காயில் போய்விட்டது. அதுவும் இதனால்தானா? – வாசகி

பதில்: அண்ணன் சொன்னது மோட்டாருக்குச் சரி, கெய்சருக்குத் தப்பு. பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் கெய்சர். 2000 வாட்ஸ் என்று எழுதியிருந்தால் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர், தடை 26.45 ஓம். வோல்டேஜ் 180 ஆனாலும் அந்தக் கம்பி அதே கம்பிதான், 26.45 ஓம் மாறாது. 180ஐ அதனால் வகுத்தால் 6.8 ஆம்பியர். கரண்ட் குறைகிறது. வாட்ஸ் 180 × 6.8, அதாவது 1225. வோல்டேஜ் 22 சதவீதம்தான் இறங்கியது, சூடு ஏறக்குறைய 39 சதவீதம் இறங்கிவிட்டது, ஏனென்றால் வோல்டேஜ் இறங்கும்போது கரண்ட்டும் கூடவே இறங்கி, இரண்டு இறக்கமும் பெருக்கிக்கொள்கின்றன.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். நல்ல வோல்டேஜில் அது கால் மணி நேரத்தில் முடியும், உங்கள் வீட்டில் சாயங்காலம் 25 நிமிஷத்தைத் தாண்டும். யூனிட் என்னவோ ஏறக்குறைய அதேதான், நேரம் கூடுகிற அளவுக்குத் தொட்டியிலிருந்து வெளியே போகிற சூடு மட்டும் கொஞ்சம் கூடும். அதனால் கெய்சரால் பில் ஏறுகிறது என்ற பயம் வேண்டாம்.

மோட்டார் வேறு ஜாதி. அதற்கு நிலையாக நிற்பது தடை இல்லை, தலையில் இருக்கிற பாரம். கிணற்றில் இருந்து தண்ணீரை அத்தனை அடி தூக்கியாக வேண்டும், வோல்டேஜ் குறைந்தது என்பதற்காகக் கிணறு ஆழம் குறையாது. அந்த வேலைக்கு வேண்டிய வாட்ஸை மோட்டார் எப்படியாவது வாங்கப் பார்க்கும். வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித்தான் வாங்க முடியும். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுத்த மோட்டார் 180 வோல்ட்டில் ஏறக்குறைய 7.7 ஆம்பியர் இழுக்கும். இப்போது காயிலின் சூட்டைப் பாருங்கள். காயில் கம்பியின் ஓம் அப்படியே இருக்கிறது, அதில் ஓடுகிற கரண்ட் கூடிவிட்டது, அதனால் ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கிய அளவில் சூடு ஏறும்: 59ஐ 36ஆல் வகுத்தால் 1.6 மடங்கு. காயிலின் வார்னிஷ் பூச்சு அந்தச் சூட்டில் நாள்பட நாள்படக் கருகி உதிர்ந்து, ஒரு நாள் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொண்டுவிடும். இதைவிட மோசம் ஸ்டார்ட் ஆகும் நேரம். மோட்டாரின் திருகு விசை வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும் என்பதால் 180இல் அது 61 சதவீதம்தான் இருக்கும், சில நேரம் மோட்டார் சுற்றவே முடியாமல் உறுமிக்கொண்டே நிற்கும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜ் கம்ப்ரசருக்கும் இதே கதைதான்.

உங்கள் மோட்டார் இதனால்தான் போனது என்று இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் காயில் கட்டிக் கொடுத்தவரிடம் பழைய காயில் முழுக்கச் சீராகக் கருகியிருந்ததா என்று கேளுங்கள். சீராகக் கருகியிருந்தால் அதிகச் சுமையோ லோ வோல்டேஜோதான் பெரும்பாலும் காரணம். ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே (கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை அணைப்பது) இருந்தால் அதை மோட்டார் தகட்டில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு வைக்கச் சொல்லுங்கள், அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று யாராவது கூட்டி வைத்திருந்தால் அது காயிலுக்கு வைத்த நெருப்பு.

அப்புறம், ஒரு வாரம் சாயங்காலம் மணியோடு சேர்த்து வோல்டேஜைக் குறித்து ஈ.பி. ஆபீஸில் எழுத்தாகக் கொடுங்கள். 230க்கு 180 என்பது சகித்துக்கொள்ள வேண்டிய அளவு இல்லை.

கேள்வி: 100 வாட்ஸ் குண்டு பல்பை மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளந்தேன், 40 ஓம் காட்டுகிறது. கணக்குப் போட்டால் 529 ஓம் வருகிறது. மீட்டர் கெட்டுப்போயிருக்கிறதா? – ஐ.டி.ஐ. மாணவர், திருப்பூர்

பதில்: மீட்டர் நன்றாக இருக்கிறது, கணக்கும் சரி. நீங்கள் அளந்தது குளிர்ந்த பல்பு, கணக்குப் போட்டது எரிகிற பல்பு. டங்ஸ்டன் இழை எரியும்போது 2500 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகிறது, அந்தச் சூட்டில் அதன் தடை பத்துப் பதிமூன்று மடங்கு ஏறிவிடும். எனவே ஸ்விட்ச் போட்ட அந்தக் கண நேரத்தில் ஓடுகிற கரண்ட் 230ஐ 40ஆல் வகுத்தால் வருகிற 5.75 ஆம்பியர் வரை போகலாம், இழை சூடானதும் 0.43க்கு இறங்கிவிடும். குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட ஸ்விட்ச் தட்டும்போது "டிக்" என்று போவதை நாம் அதிகம் பார்த்ததற்கு இதுதான் காரணம். இழையில் எங்கே மெலிந்திருக்கிறதோ அந்த இடம் மற்ற இடத்துக்கு முன்னால் சூடேறி அறுந்துபோகும்.

இதை ஓம் விதி பொய்த்துப்போனதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெப்பநிலை மாறாமல் இருக்கும்போது என்ற நிபந்தனையோடுதான் விதியைப் படிக்கிறோம், பரீட்சைக்கு அதைத்தான் முதலில் மறந்துவிடுகிறோம்.

இப்படி ஒரு அளவை மாறாமல் நிறுத்தி வைப்பதன் அருமை, விதியைக் கண்டுபிடித்த ஜார்ஜ் சைமன் ஓமுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு அவர் இந்தச் சோதனைகளைச் செய்தார். முதலில் வோல்ட்டா செல்லை வைத்துப் பார்த்தார். கரண்ட் எடுக்க எடுக்க அந்த செல்லின் வோல்டேஜே இறங்கிக்கொண்டு போனது, கம்பியின் நீளத்தை மாற்றியதால் கரண்ட்டைக் காட்டும் ஊசி இறங்கியதா செல் சோர்ந்ததால் இறங்கியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பொக்கண்டோர்ஃப் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனைப்படி, சீபெக் 1821இல் கண்டுபிடித்த வெப்ப மின்னிணையை எடுத்துக்கொண்டார், இரண்டு உலோகங்களின் சந்திப்புகளில் ஒன்று சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்தால் வோல்டேஜ் தருவது அது. செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த இணை, ஒரு சந்திப்பு கொதிக்கிற தண்ணீரில், இன்னொன்று உருகுகிற பனிக்கட்டியில். தண்ணீர் கொதிக்கிற வரை, பனி உருகுகிற வரை அந்த வோல்டேஜ் அசையாது. அப்புறம் கம்பியின் நீளத்தை மட்டும் மாற்றி மாற்றி, காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொண்டே போனார். 1826இல் செய்த அந்த அளவீடுகளில் இருந்துதான் 1827இல் புத்தகம் வந்தது. சொந்த நாட்டில் அதற்கு நல்ல வரவேற்பு இல்லை, லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் கொடுத்தது. ஒரு அளவை நிஜமாகவே நிறுத்தி வைக்க ஒரு மனிதர் பட்ட பாடு அது, ஆய்வகத்தில் அடுத்த முறை தடையை மாற்ற ரியோஸ்டாட்டைத் தள்ளும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாத்ரூம் கெய்சரின் பிளக் பாயிண்ட் கருகிவிட்டது. மாற்றினோம், ஆறு மாதத்தில் திரும்பவும் கருகிவிட்டது. எலக்ட்ரீஷியன் "கெய்சர் அதிகமாக இழுக்கிறது" என்கிறார். கெய்சரை மாற்ற வேண்டுமா? – வாசகர், தாம்பரம்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். கெய்சர் எவ்வளவு இழுக்கிறது என்பதைக் கிளாம்ப் மீட்டர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும். ஃபேஸ் ஒயரை மட்டும் கிளாம்புக்குள் விட வேண்டும், இரண்டு ஒயரையும் சேர்த்து விட்டால் போவதும் வருவதும் கழிந்து பூஜ்யம் காட்டும். 2000 வாட்ஸ் கெய்சருக்கு 8 முதல் 9 ஆம்பியருக்குள் இருந்தால் கெய்சர் மேல் குற்றமில்லை.

குற்றம் பெரும்பாலும் இணைப்பில் இருக்கும். எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. த்ரீ பின் டாப்பை, அதாவது பிளக்கைத் திறந்து பார்த்தேன். நியூட்ரல் பின் பளபளவென்று பித்தளை நிறத்தில் இருக்கிறது, ஃபேஸ் பின் மட்டும் பழுப்பும் நீலமுமாக நிறம் மாறியிருக்கிறது. ஸ்க்ரூவுக்கு அடியில் ஒயரின் இழைகளில் பாதிதான் பிடிபட்டிருந்தது, மீதி வெளியே பிதுங்கிக் கறுத்துக் கிடந்தது. ஒயரின் தோலை வளைத்தால் மொறுமொறுவென்று உடைந்தது. ஸ்க்ரூ டிரைவர் வைத்ததும் ஸ்க்ரூ முழுதாக ஒரு சுற்று சுற்றியது, அந்த அளவுக்கு லூஸ்.

அந்த லூஸ் இடத்தில் அரை ஓம் தடை இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அரை ஓம் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, கெய்சரின் 26 ஓமோடு சேர்ந்தால் கரண்ட் ஏறக்குறைய அதே 8.5 ஆம்பியர்தான், அதனால் கரண்ட் அளவு மீறினால் தானே அணைகிற எம்.சி.பி. ஸ்விட்சுக்கு ஒன்றுமே தெரியாது, ட்ரிப் ஆகாது. ஆனால் சூட்டைக் கணக்கிடுங்கள்: 8.5 × 8.5 × 0.5, அதாவது 36 வாட்ஸ். பற்றவைக்கிற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்ஸ்தான். அதைவிடச் சூடான ஒன்றை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, தினமும் கால் மணி நேரம் ஆன் செய்கிறோம். கருகாமல் என்ன செய்யும்? சூட்டில் பித்தளை ஆக்சைடு பிடித்துத் தடை இன்னும் கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும், இது தானே வளர்கிற வியாதி.

எங்கே லூஸ் என்று கண்டுபிடிக்க வோல்டேஜும் ஆம்பியரும் போதும். உங்கள் எலக்ட்ரீஷியனிடம் இப்படி அளக்கச் சொல்லுங்கள், நீங்களாகச் செய்ய வேண்டாம், மின்சாரம் ஓடும்போது அளக்கிற வேலை. கெய்சர் ஆஃபில் இருக்கும்போது மீட்டர் பெட்டியிலும் கெய்சரின் டெர்மினலிலும் 228 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். கெய்சரை ஆன் செய்ததும் மீட்டர் பெட்டியில் 226, கெய்சர் டெர்மினலில் 219. அந்த 2 வோல்ட் தெருவில் விழுந்தது, அது ஈ.பி. லைனின் கணக்கு. மீதி 7 வோல்ட் உங்கள் வீட்டுக்குள் விழுகிறது. கரண்ட் 8.3 ஆம்பியர். 7ஐ 8.3ஆல் வகுத்தால் 0.84 ஓம்.

இதில் ஒயருக்கு நியாயமான பங்கு எவ்வளவு? 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயருக்கு ஆயிரம் மீட்டருக்கு 7.4 ஓம் அளவில் இருக்கும். மீட்டர் பெட்டியில் இருந்து பாத்ரூம் 15 மீட்டர் என்றால் போக வர 30 மீட்டர், 0.22 ஓம். போக வர என்பதை மறந்துவிடக் கூடாது, நியூட்ரலும் ஒயர்தான். 0.84இல் 0.22 போக மிச்சம் 0.62 ஓம். அது ஏதோ ஒரு ஸ்க்ரூவிலோ ஸ்விட்சிலோ சாக்கெட்டிலோ உட்கார்ந்திருக்கிறது, அங்கே 43 வாட்ஸ் சூடு வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கத்திலும் மீட்டரை வைத்துப் போனால் 5 வோல்ட் எங்கே காட்டுகிறதோ அதுதான் திருடன். ஓம் ரேஞ்சில் வைத்து அளந்தால் இது சிக்காது, சாதாரண மல்டிமீட்டரில் அரை ஓமை நம்பி அளக்க முடியாது, மீட்டரின் ஒயருக்கே அந்த அளவு தடை இருக்கும். கரண்ட் ஓட விட்டு விழுகிற வோல்ட்டை அளப்பதுதான் சரியான வழி.

அப்புறம் ஒன்று. சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய டாப்பையே செருகினால் திரும்பவும் இதேதான் நடக்கும். நிறம் மாறிய பின், பிடிப்பு போன பித்தளைக் கவ்வி, மொறுமொறுத்த ஒயர் நுனி, மூன்றையும் ஒன்றாகக் கழற்றி எறிய வேண்டும். ஒயர் நுனியை நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டி, லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோகக் கவ்வி) போட்டு, 16 ஆம்பியர் பிளக்கில் ஸ்க்ரூவை அழுத்தி முடுக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் திரும்பக் கருகியதற்குக் காரணம் பெரும்பாலும் பாதி மாற்றியதாகத்தான் இருக்கும்.

கேள்வி: 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு 0.08 ஆம்பியர் இழுக்கிறது. 230ஆல் பெருக்கினால் 18 வருகிறது. பல்பு கம்பெனி பொய் எழுதியிருக்கிறதா? ஈ.பி. மீட்டர் எதைக் கணக்கில் எடுக்கும்? – வாசகர், விருதுநகர்

பதில்: பொய் இல்லை. நம் வீட்டு மின்சாரம் ஏ.சி., வோல்டேஜ் ஒவ்வொரு நொடியும் 50 முறை ஏறி இறங்கித் திரும்புகிறது. ஹீட்டரில் கரண்ட்டும் அதோடு கூடவே ஏறி இறங்கும், அங்கே பெருக்கினால் நேராக வாட்ஸ். எல்.இ.டி. பல்பினுள் இருக்கும் சர்க்யூட் கரண்ட்டைத் துண்டு துண்டாக வேறு நேரத்தில் எடுக்கும். அதனால் பெருக்கி வருகிற 18ஐ வாட்ஸ் என்று சொல்லக் கூடாது, வோல்ட் ஆம்பியர் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் பாதிதான் உண்மையில் செலவாகிறது, இந்தப் பாதி என்பதைத்தான் பவர் ஃபேக்டர் 0.5 என்கிறார்கள். வீட்டு மீட்டர் ஓட்டுகிற யூனிட் அந்த 9 வாட்ஸுக்குத்தான். இதே காரணத்தால் எல்.இ.டி. பல்பில் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து "இவ்வளவு ஓம்" என்று சொல்வதிலும் அர்த்தம் கிடையாது.

இவ்வளவு சின்ன கரண்ட்டைக் கிளாம்ப் மீட்டரில் அளப்பவர்கள் ஃபேஸ் ஒயரைக் கிளாம்பைச் சுற்றிப் பத்துச் சுற்று சுற்றி, வருவதைப் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும் என்கிறார்கள், தொட்டால் ஒன்றும் செய்வதில்லை. வீட்டு பிளக் 16 ஆம்பியர்தான், தொட்டால் ஆளைக் கொல்கிறது. ஏன்? – வாசகர், கடலூர்

பதில்: கொடுக்க முடிகிற ஆம்பியர் வேறு, ஓடுகிற ஆம்பியர் வேறு. ஓடுவது எவ்வளவு என்பதை நடுவில் இருக்கும் தடைதான் தீர்மானிக்கிறது. காய்ந்த கைக்கு 5000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ட்டில் 2.4 மில்லி ஆம்பியர். அதே பேட்டரியின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் தடை 0.02 ஓம் அளவுக்கு இறங்கி 600 ஆம்பியர் ஓடும், ஸ்பேனர் பழுத்துவிடும். பேட்டரி கழற்றும்போது கையில் மோதிரமும் இரும்பு வாட்ச் செயினும் இருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

வீட்டு மின்சாரத்தில் 230 வோல்ட், ஈரக் கை, ஈரத் தரை, உடம்பின் தடை 1000 ஓமுக்கு இறங்கியிருக்கும். 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர், இதயத் துடிப்பைக் குலைக்கத் தேவையானதைவிட அதிகம். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது ஒரு பொருட்டே இல்லை, அது அசையாது. எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்ற வைத்தது. ஆளைக் காப்பாற்ற, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. வேண்டும். வீட்டில் அது இல்லையென்றால் வேறு எந்தச் செலவையும் தள்ளிப்போட்டுவிட்டு இதைப் போடுங்கள், போட்ட பிறகு மாதம் ஒரு முறை அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

கேள்வி: பைக்கின் 12 வோல்ட் பேட்டரியில் ஒரு வெள்ளை எல்.இ.டி. போட எத்தனை ஓம் ரெசிஸ்டர்? – மாணவர், நாகர்கோவில்

பதில்: எல்.இ.டி. 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், 20 மில்லி ஆம்பியர் போதும். மீதி 9 வோல்ட்டை 0.02ஆல் வகுத்தால் 450 ஓம், கடையில் 470 கிடைக்கும். ஆனால் வண்டி ஓடும்போது பேட்டரியில் 12 நிற்காது, சார்ஜ் ஆகும்போது 14.4 வரை ஏறும். அப்போது 470 ஓமில் 24 மில்லி ஆம்பியர் ஓடி, ரெசிஸ்டரில் 0.28 வாட்ஸ் சூடு வரும், கால் வாட்ஸ் ரெசிஸ்டர் தாங்காது. 14.4க்குக் கணக்குப் போட்டு 560 ஓம், அரை வாட்ஸ் வாங்கிப் போடு.